மின்காருக்கு ஐந்து வருடச் சேர்விஸ் காசை முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: ஐயா, நான் கல்லடியில் வசிக்கும் ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை. புதிய மின்கார் ஒன்றுக்கு முற்பதிவு செய்திருக்கிறோம், லீசிங் பேப்பரில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. மாதம் 800 கிலோமீற்றர் அளவில்தான் ஓட்டுவேன். ஐந்து வருடம் அல்லது ஒரு இலட்சம் கிலோமீற்றர் வரைக்கும் பத்து சேர்விஸ் அடங்கிய பெக்கேஜ் ஒன்றை 3 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாவுக்குத் தருவதாகக் கம்பனியில் சொல்கிறார்கள். தனித்தனியாகச் செய்தால் சேர்விஸ் ஒன்றுக்கு சராசரியாக 38,000 வருமாம், பெக்கேஜில் 60,000 மிச்சமாம். விரும்பினால் லீசிங்கோடு சேர்த்துவிடலாம் என்கிறார்கள். அவர்களுடைய சேர்விஸ் நிலையம் எங்களுக்குக் கிட்ட என்றால் கண்டியில்தான். பெக்கேஜ் எடுக்காவிட்டால் பற்றரி வோரன்டிக்குச் சிக்கல் வரலாம் என்று விற்பனைப் பகுதியில் ஒருவர் சொன்னது மனதைக் குழப்புகிறது. எடுப்பதா, விடுவதா? அக்கரைப்பற்றில் இருக்கும் என் தம்பி 2014ஆம் ஆண்டு நிஸான் லீஃப் வைத்திருக்கிறான். அவனுக்கும் ஒரு கராஜ்காரர் இப்படி வருடப் பெக்கேஜ் பேசுகிறாராம். அதையும் சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் ரீச்சர். இப்போது சொல்லியிருக்கும் வடிவத்தில் அந்தப் பெக்கேஜை எடுக்க வேண்டாம். லீசிங்கோடு சேர்த்து எடுக்கவே வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். எந்த நிபந்தனைகளுக்கு அவர்கள் இறங்கி வந்தால் எடுக்கலாம் என்பதையும் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய கணக்கையே எடுப்போம். மாதம் 800 என்றால் வருடத்துக்கு 9,600 கிலோமீற்றர், ஐந்து வருடத்தில் 48,000. பத்து சேர்விஸுக்கு ஒரு இலட்சம் என்றால் 10,000 கிலோமீற்றருக்கு ஒன்று. ஆனால் கையேட்டில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள், பக்கத்திலேயே அநேகமாக 'அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது' என்று இருக்கும். உங்கள் ஓட்டத்துக்கு ஒவ்வொரு தடவையும் 12 மாதம்தான் முந்தும். ஆக ஐந்து வருடத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது ஐந்து சேர்விஸ். பத்துக்குக் கட்டிவிட்டு ஐந்தைப் பாவித்தால் ஒன்றின் விலை 64,000. அதே ஐந்தையும் அந்தந்த நேரம் காசு கட்டிச் செய்தால் 1 இலட்சத்து 90 ஆயிரம். அவர்கள் 60,000 மிச்சம் காட்டிய இடத்தில் உங்களுக்கு 1 இலட்சத்து 30 ஆயிரம் கையை விட்டுப் போகிறது. இன்னொன்று: ஐந்தாவது சேர்விஸ் வரும் நாளும் பெக்கேஜ் காலாவதியாகும் நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தவணைப் பரீட்சை வேலை என்று ஒரு கிழமை தள்ளிப்போனால் அதுவும் போய், நாலு சேர்விஸில் முடியும்.

அவர்கள் சொன்ன கணக்கு பொய் இல்லை. வருடத்துக்கு 20,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு, அதாவது இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கொழும்புக்குப் போய்வரும் ஒரு வியாபாரிக்கு, அது சரியான கணக்கு. உங்களுக்கு அது பொருந்தாது. 'காசு கட்டியாயிற்று, வீணாக்கக் கூடாது' என்று ஆறு மாதத்துக்கொரு தடவை போகலாமே என்று யாராவது சொன்னால், செங்கலடி, மகாஓயா, மகியங்கனை தாண்டி மலைவீதியில் 18 வளைவு ஏறிக் கண்டிக்குப் போய் இறங்கும் பயணத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு, வழிச் சார்ஜ், சாப்பாடு, வேலை முடியாவிட்டால் இரவு தங்கல். இந்தச் செலவு எதுவும் பெக்கேஜில் கிடையாது. மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்குச் சேர்விஸின் உண்மையான விலை பில்லில் இருப்பதைவிட எப்போதும் கூடத்தான்.

லீசிங் விடயம். 3 இலட்சத்து 20 ஆயிரத்தை லீசிங்கில் ஏற்றினால் அதற்கும் வட்டி ஓடும். வட்டி 14 வீதம், காலம் 60 மாதம் என்று வைத்துப் பார்த்தால் மாதம் 7,400 ரூபாவுக்கு மேல் வருகிறது. முடிவில் கட்டியிருப்பது 4 இலட்சத்து 46 ஆயிரம் அளவில். ஐந்தாம் வருடத்தில் செய்யப்போகும் சேர்விஸுக்கு இந்த மாதத்திலிருந்தே வட்டி கட்டுவது எந்தக் கணக்கிலும் நியாயமாக வராது. பேப்பரில் கையெழுத்து வைக்கும் முன் லீசிங் தொகை எவ்வளவு என்று ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். வாகன விலை, பதிவு, இன்சூரன்ஸ் என்பவற்றுக்கு நடுவில் சேர்விஸ் என்று ஒரு வரி நுழைந்திருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

இனி உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும் வோரன்டி. அநேகமான தயாரிப்பாளர்கள் பற்றரிக்கு 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் என்ற அளவில் உத்தரவாதம் தருகிறார்கள். அதற்குள் பற்றரியின் கொள்ளளவு 70 வீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்பதாகப் பலர் எழுதியும் தருகிறார்கள். அந்த உத்தரவாதம் நிலைக்க அவர்கள் கேட்பது குறித்த காலத்தில், அங்கீகரித்த இடத்தில் சேர்விஸ் செய்த பதிவு. முன்கூட்டியே காசு கட்டியிருப்பது அதில் சேராது. வருடத்துக்கு ஒரு தடவை கண்டிக்குப் போய், அன்றைக்குரிய காசைக் கட்டி, புத்தகத்தில் சீல் வாங்கி, பில்லையும் பத்திரப்படுத்தினால் போதும். அந்த விற்பனையாளரிடம் சண்டை பிடிக்க வேண்டாம். 'பெக்கேஜ் எடுக்காமல் உங்களிடமே வருடாவருடம் சேர்விஸ் செய்தால் பற்றரி வோரன்டி முழுமையாக இருக்குமா' என்று ஈமெயிலில் ஒரு வரி கேளுங்கள். வாயால் சொன்னதை எழுத்தில் சொல்ல மாட்டார்கள். 'இருக்காது' என்று எழுதியே தந்தால் அந்த ஈமெயிலை வைத்துக்கொண்டு 1977க்கு அழைத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் கேட்கலாம். கச்சேரியிலும் அவர்களின் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்.

சரி, அந்த 38,000க்கு என்னதான் செய்கிறார்கள்? மின்காரில் என்ஜின் ஒயில் இல்லை, ஒயில் ஃபில்டர் இல்லை, பிளக் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. முதலாவது வருடத்தில் மாற்ற வேண்டிய பொருள் என்று பார்த்தால் ஏசிக்குள் வரும் காற்றை வடிக்கும் கெபின் ஃபில்டர் ஒன்றுதான். மிச்சமெல்லாம் பார்வை: கம்ப்யூட்டரில் பிழைக்குறி பார்ப்பது, டயரை முன் பின் மாற்றுவது, பிரேக், சஸ்பென்ஷன், கூலன்ட் மட்டம். இரண்டாம் வருடத்தில் பிரேக் ஒயில் வரும். மோட்டாரோடு இருக்கும் கியர் ஒயிலும் கூலன்டும் அதற்கும் பிந்தித்தான். எனவே சராசரி என்று ஒரே தொகையைச் சொன்னால் ஏற்க வேண்டாம். ஒவ்வொரு வருடமும் என்ன மாற்றுகிறார்கள், அதன் பொருள் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு, 18 வீதப் பெறுமதி சேர் வரி உள்ளேயா வெளியேயா என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தரும் கம்பனி நம்பத்தக்கது. முதல் வருடத்துக்கும் 38,000 வருகிறதென்றால் அந்தப் பட்டியலையே பேரம் பேச வேண்டும்.

பெக்கேஜில் வராதவற்றைப் பாருங்கள், அங்கேதான் உங்கள் காசு போகும். டயர் வராது. சிறிய மின்காரிலேயே பற்றரி மட்டும் 300 கிலோ அளவில் பாரம், அழுத்தியவுடன் இழுக்கும் மோட்டார் வேறு. டயர் பெற்றோல் காரைவிட முந்தித் தேயும். 12 வோல்ட் சிறிய பற்றரி வராது. மின்கார் ஒரு நாள் காலை அசையாமல் நின்றால் நான் முதலில் பார்ப்பது பெரிய பற்றரியை அல்ல, இந்தச் சிறியதைத்தான். நமது வெயிலுக்கு மூன்று, நாலு வருடத்தில் அது சோர்ந்துவிடும். பிரேக் கட்டையும் பெரும்பாலும் வராது.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருப்பது கல்லடி. மின்காரில் ஆக்சிலேட்டரை விட்டவுடன் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். அதனால் பிரேக் கட்டைக்கு வேலை குறைவு. 'பிரேக் கட்டை மாற்றவே தேவையில்லை' என்று விற்பனையில் சொல்வது இதை வைத்துத்தான். கொழும்புக்கு உள்ளே அது ஓரளவு சரி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, அங்கால கல்முனை, நிந்தவூர், திருக்கோவில் வரைக்கும் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. பெற்றோல் காரில் ஒவ்வொரு பிரேக்கிலும் கட்டை உரசி டிஸ்கில் உள்ள துருவைத் துடைத்துவிடும். மின்காரில் அந்தத் துடைப்பு நடப்பதில்லை. சில்லைக் கழற்றிப் பார்த்தால் டிஸ்கின் விளிம்பில் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் கட்டியிருக்கும். கட்டைகளை டிஸ்கில் அழுத்தும் கலிப்பர் வழுகி ஓட வேண்டிய 'பின்' எனும் கம்பி இரண்டும் கிறீஸ் காய்ந்து, இறுகி நிற்கும். ஒரு பக்கக் கட்டை புதிதுபோல இருக்க, மறுபக்கக் கட்டை இரும்புவரை தேய்ந்திருக்கும். வெளியிலிருந்து சில்லுக் கம்பிக்கு ஊடாக எட்டிப் பார்த்தால் தெரிவது அந்த நல்ல கட்டைதான். கல்லடிப் பாலத்தில் மெதுவாகப் போகும்வரை எதுவும் தெரியாது. திடீரென்று மாடு குறுக்கே வந்து முழுப் பலத்தோடு மிதிக்கும் நாளில் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

இதற்கு மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நாலு சில்லையும் கழற்றி, அந்தப் பின் கம்பிகளைத் துப்புரவாக்கி, அதற்குரிய கிறீஸ் பூசுவது. முக்கியமாக மாரி முடிந்து மாசி மாதத்தில் ஒரு தடவை. இது உள்ளூரில் நல்ல மெக்கானிக் ஒருவர் செய்யும் வேலை, பற்றரிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் கம்பனியிடம் 'பிரேக் துப்புரவை இங்கே செய்துகொள்ளலாமா' என்று அதே ஈமெயிலில் கேட்டு வையுங்கள். வீதியில் பின்னால் வாகனம் இல்லாத நேரம் பார்த்து, கிழமைக்கு இரண்டு மூன்று தடவை பிரேக்கை அழுத்தி மிதித்து நிறுத்துங்கள், டிஸ்க் துடைபடும். பிரேக் ஒயிலையும் இரண்டு வருடத்துக்குமேல் வைக்க வேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். டொட் 4 தரப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகைக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் 3.7 வீதமளவுக்கு ஏறிவிட்டால் அது 155 பாகை வரைக்கும் இறங்கலாம். 18 வளைவில் இறங்கி வரும்போது இந்த வித்தியாசம் உயிர் விடயம். அதுவும் பற்றரி நிறைந்திருந்தால் மோட்டார் பிரேக் சரியாகப் பிடிக்காது, முழுப் பாரமும் கட்டையில்தான் விழும். கண்டியில் சார்ஜ் ஏற்றும்போது நிரம்ப ஏற்றாமல் கொஞ்சம் இடம் விட்டு இறங்குங்கள்.

உள்ளூரில் செய்யக் கூடாதவையும் உண்டு. செம்மஞ்சள் நிற வயர் எங்கே தெரிகிறதோ அதற்குள் பயிற்சி இல்லாத யாரும் கை வைக்கக் கூடாது, அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. ஏசி குளிரவில்லை என்று வழமையான ஏசி கடைக்குப் போக வேண்டாம். மின்காரின் கம்ப்ரஷர் உயர்வோல்டில் ஓடுவதால் அதற்குள் மின்சாரம் கடத்தாத பீ.ஓ.இ வகை ஒயில்தான் இருக்க வேண்டும். சாதாரண கார்களுக்கு ஏற்றும் பீ.ஏ.ஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலே இன்சுலேஷன் (மின்காப்பு) பிழை காட்டிக் கார் படுத்துவிடும், பழுது பார்க்க முழு ஏசியையும் இறக்க வேண்டி வரும். சில மாதிரிகளில் பற்றரியைக் குளிர்விப்பதும் இதே ஏசி வாயுதான். கூலன்டும் அப்படியே. சில கார்களுக்கு மின்கடத்தல் குறைந்த விசேட கூலன்ட், கடையில் பச்சை நிறத்தில் விற்பதை ஊற்றி நிரப்பக் கூடாது. கழுவக் கொடுக்கும் இடத்தில் ஜாக்கியை எங்கே வைக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அடித்தளத்தில் நீட்டிப் படுத்திருப்பது பற்றரி. ஓரத்தில் குறியிட்ட நாலு இடத்தில் மட்டும்தான் தூக்கலாம். பற்றரிப் பெட்டி நசுங்கினால் எந்த வோரன்டியும் பேசாது. கழுவியபின் அடியில் பழைய ஒயில் அடிக்கும் பழக்கம் உள்ள இடமென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ரப்பரைக் கெடுக்கும்.

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியோ கிரான் பாலத்தடியோ மாரியில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பற்றரிப் பெட்டி ஐபி 67 தரம் என்றால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும்படி சோதித்தது என்று பொருள். அது புதுப் பெட்டிக்கும் நிற்கும் தண்ணீருக்கும் உரிய சோதனை, ஓடும் வெள்ளத்துக்கு உரியதல்ல. தண்ணீர் போன கோளாறு எந்தச் சேர்விஸ் பெக்கேஜிலும் வராது, இன்சூரன்ஸில்தான் வரும். ஆகவே பெக்கேஜுக்கு வைத்த காசில் ஒரு பங்கைக் கொண்டு, வெள்ளச் சேதம் பற்றரியையும் சேர்த்து உள்ளடங்கிய இன்சூரன்ஸ் எடுங்கள். 'பற்றரி' என்ற சொல் பேப்பரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெக்கேஜின் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐ எட்டியது. அந்த நேரம் பழைய ரூபா விலைக்குச் சேர்விஸ் உறுதி செய்து வைத்திருந்தவர் பிழைத்தார். விலை ஏறினாலும் உங்களுக்கு ஏறாது என்பதுதான் முன்கூட்டிக் கட்டுவதில் உள்ள ஒரே பெரிய பலன். ஆனால் ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் 'உதிரிப்பாகம் அன்றைய விலைக்கு' என்று இருந்தால் அந்தப் பலனும் இல்லை. கூலியை மட்டும் முன்கூட்டிக் கட்டியதாகிவிடும். மறுபக்கத்தில், 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தனியார் கார்களுக்குத் திறந்தது. அதன்பின் சந்தைக்கு வந்த பெயர்கள் பல புதியவை. ஐந்து வருடத்தில் முகவர் மாறினால் உங்கள் முற்பணத்துக்குப் புதியவர் பொறுப்பேற்பாரா? இதற்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

ஆகவே அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: பத்துக்குப் பதிலாக ஐந்து சேர்விஸுக்கு, ஐந்து வருடமும் மூன்று மாதமும் காலம் வைத்து, பிரேக் ஒயில், கெபின் ஃபில்டர், கூலன்ட் உள்ளிட்ட பொருள் விலையையும் மாறாமல் உறுதி செய்து, கார் விற்றால் வாங்குபவருக்கு மாறும்படியும் பாவிக்காத சேர்விஸுக்குக் காசு திரும்பும்படியும் ஒரு பெக்கேஜ் போட்டுத் தருவீர்களா? விலை 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்குள் வந்தால், கையில் காசு இருந்தால், கட்டலாம். வருடத்துக்கு ஒரு தடவையாவது மட்டக்களப்புக்கு நடமாடும் சேர்விஸ் வாகனம் அனுப்புவதாக எழுத்தில் தந்தால் 1 இலட்சத்து 90 ஆயிரத்துக்கும் எடுக்கலாம், ஏனென்றால் கண்டிப் பயணம் மிச்சம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் அதே காரை வாங்கியவர்கள் இருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள். தனி ஆளுக்கு மறுப்பதைக் கூட்டமாகக் கேட்டால் யோசிப்பார்கள்.

இறங்கி வராவிட்டால் மாதம் 3,500 ரூபாவைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். வருடத்துக்கு 42,000 ஆகும், அந்த வருடச் சேர்விஸுக்கு அது போதும். சின்னச் சேர்விஸ் வரும் வருடத்தில் மிஞ்சுவது டயருக்குச் சேரும். சேர்விஸுக்குப் போகும்போது பற்றரியின் ஆரோக்கிய வீதத்தையும் இன்சுலேஷன் அளவையும் அச்சிட்டுத் தரச் சொல்லி வாங்குங்கள். ஏழாம் வருடத்தில் வோரன்டி கேட்டு நிற்கும்போது வருடாவருடம் இறங்கிய கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தம்பியின் லீஃபுக்குப் பெக்கேஜே தேவையில்லை. அந்தக் காருக்கு வோரன்டி எப்போதோ முடிந்துவிட்டது, காப்பாற்ற எதுவுமில்லை. அதன் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டலும் கிடையாது. அக்கரைப்பற்று வெயிலில் கவனிக்க வேண்டியது சேர்விஸ் அட்டவணையை அல்ல, பற்றரியைத்தான். டாஷ்போர்டில் வலது ஓரத்தில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 சின்னக் கோட்டில் இப்போது எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காரின் கம்ப்யூட்டரை வாசிக்கும் ஓ.பி.டி கருவி ஒன்றைச் செருகி, போனில் லீஃப் ஸ்பை செயலியைத் திறந்தால் ஒவ்வொரு செல்லின் வோல்டும் தூணாகத் தெரியும். மத்தியான வெயிலில் வேகச் சார்ஜ் ஏற்ற வேண்டாம், மாமர நிழலில் நிறுத்தட்டும். பிரேக் ஒயிலும் கலிப்பர் துப்புரவும் தேவையான நேரம் காசு கொடுத்துச் செய்யலாம். கராஜுக்குக் கட்ட நினைத்த காசை அப்படியே வைத்திருக்கட்டும். அந்தப் பற்றரியில் 48 மொடியூல், அதாவது செல்கள் சேர்ந்த கட்டுகள், இருக்கிறது, ஒன்றிரண்டு பலவீனமானால் அவற்றை மட்டும் மாற்ற முடியும். காரை ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போது செல் தூண்களில் எது மற்றவற்றைவிடத் தாழ்ந்து இறங்குகிறது என்று பக்கத்தில் ஒருவரை இருத்தி ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பார்த்து எந்த மொடியூல் என்று சொல்கிறேன்.